மச்சாளின் கஞ்சாச் செடிகளும் என் கையும்

மூன்று நாளாக அந்தத் தக்காளிப் பை வேலியில் தொங்கியது. பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் தன் தோட்டத்தில் முதலில் பழுத்தவற்றைப் பொறுக்கிப் போட்டு, பையின் காதை முடிந்து, எங்கள் பக்கம் பார்க்கக் கட்டிவிட்டிருந்தார். ஒவ்வொரு ஆவணியிலும் அப்படித்தான் தருவார். மற்ற வருடங்களில் என் மச்சாள் முடிச்சை அவிழ்க்கும்போதே "மெர்சி மிஸ்யூ!" என்று தெருவுக்கே கேட்கப் பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கத்துவாள். அந்த வருடம் அவள் பையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள். மூன்றாம் நாள் பழங்கள் பைக்குள் தண்ணீர் விட்டுக் குளவி மொய்த்தது. நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பழங்கள் அங்கே கிடந்து அழுகியதற்கு நான்தான் காரணம். இரண்டு கோடை போய்விட்டது. இப்போதும் கடையில் தக்காளி பொறுக்கும்போது எனக்குக் காது சுடுகிறது.

எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இந்த இடத்தில் பேனையை நிறுத்தி, "மாமி, இதையும் எழுதவோ?" என்று கேட்டாள். எழுது பிள்ளை என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததால் வந்த வினைதானே எல்லாம்.

மச்சாள் என் கணவரின் தங்கை. எங்களில் நாத்தனாரும் அண்ணன் மனைவியும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவர் செத்துப் போன பிறகு நாங்கள் இரண்டு கிழவிகளும் கியூபெக்கில், வில்லரே என்கிற இடத்தில் கீழ்வீட்டில். என் மகன் குடும்பம் மேல்வீட்டில். அவள் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற குசினியில் இருபது வருடம் நின்றவள். அங்கே நின்றே ஆங்கிலமும் பிரெஞ்சும் பிடித்துக்கொண்டாள். நான் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தேன். மெட்ரோவில் நிறம் பார்த்து ஏறுவேன், எண்ணி இறங்குவேன். ஒருமுறை எண்ணும்போது தும்மிவிட்டு எங்கேயோ போய்ச் சேர்ந்தேன், அது வேறு கதை.

மச்சாளுக்குப் புற்றுநோய் வந்தது. அதற்கு ஏற்றிய மருந்து அவள் உயிரைக் காப்பாற்றியது, போகிற போக்கில் கால் நரம்புகளைப் பொசுக்கிவிட்டுப் போனது. உள்ளங்காலில் போர்வை பட்டாலும் துடிப்பாள். விரல் நுனிகளும் மரத்துவிட்டதால் சட்டைப் பொத்தான் பூட்ட என்னைக் கூப்பிடுவாள். வேறு எந்த மாத்திரைக்கும் நோ கேட்காமல், கடைசியில் டொக்டர் எழுதிக் கொடுக்க, ஒட்டாவாவிலிருந்து அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. மருந்துக்காக வீட்டில் நான்கு கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று. கியூபெக்கில் ஆசைக்கு வளர்க்க முடியாது, நோய்க்கென்று கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை அவள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டினாள்.

"கஞ்சாவே? சாமிப்படத்துக்குப் பக்கத்திலையே?" என்று கேட்டேன்.

"சாமியும் ஒருக்கா வாசிக்கட்டும், மச்சாள்."

எனக்கு அப்போது வெட்கம் அந்தச் செடியைப் பற்றித்தான். கோயிலில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் பின்வளவுக் கொடியில் படுக்கை விரிப்புகளை விரித்துப் போட்டு மறைப்பேன். நனையாத விரிப்புக்கூடக் கொடியில் தொங்கும். மச்சாள் அதைக் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னாள்: "உது மருந்து. நீங்கள் உங்கடை பிறஷர் குளிசைக்கும் ஒரு சீலை போட்டு மூடுங்கோவன்."

ஆனால் அவள் அதை வளர்த்த விதத்தைச் சொல்லவேண்டும். கணினியைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். செயற்கை உரம் ஒரு பொட்டும் இல்லை. மீன் கழுவிய தண்ணீர், முட்டைக்கோது, மண்புழு எரு, கடையில் வாங்கிய கடற்பாசித் தூள். இவற்றையெல்லாம் வாளியில் ஊறவைத்து, அது நுரைக்கவேண்டும் என்று பனங்கட்டி போடுவாள். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பனங்கட்டி! தேநீரோடு கடிக்க எனக்கு நகமளவு துண்டு, வாளிக்கு முழுக்கட்டி. நாற்றம் மேல்வீட்டுக்குப் போய், பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரெஞ்சில் திட்டுவான். செடிகள் மட்டும் கரும்பச்சையாக மினுங்கின.

செடி முழங்கால் உயரம் வந்ததும் அதன் நுனியைக் கிள்ளினாள். பிறகு தண்டை மெல்ல வளைத்துப் பக்கவாட்டில் இழுத்து, பழைய பருத்திச் சேலைக் கிழிசலால் நிலத்தில் அடித்த முளையில் கட்டினாள். அப்படிக் கட்டினால் செடி உயரப் போகாமல் விரித்த கைபோலப் பரவும். பக்கக் குருத்து ஒவ்வொன்றுக்கும் வெயில் விழும், ஒவ்வொன்றும் ஒரு தலையாக எழும். மரத்த விரலால் முடிச்சுப் போட அவளால் முடியாது. அதற்குத்தான் இத்தாலிக்காரர். வேலிக்கு மேலால் இரண்டு நீளக் கைகளையும் போட்டு, தக்காளிக்குக் கட்டுகிற அதே முடிச்சைப் போடுவார். அவருடைய பிரெஞ்சில் பாதி இத்தாலி, இவளுடையதில் பாதி ஆங்கிலம். இருவரும் ஒரு கிளையைக் கட்ட ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அறுவடையில் தன் முழங்காலுக்கும் ஒரு பிடி வேண்டும் என்று அவர் பகிடி விட, இவள் சட்டம் விடாது என்று சொல்லிச் சிரிப்பாள். நான் தேநீர்த் தட்டோடு நடுவில் கம்பம்போல நிற்பேன். ஒரு சொல் விளங்காது. கட்டுவதற்கு என்னையும் கேட்டிருக்கலாம் என்று உள்ளே ஒரு முள்.

ஏனென்றால் செடி விஷயத்தில் நான் யார்? நாங்கள் ஊரில் புகையிலைக்காரர். மச்சாளும் அந்த வீட்டில் பிறந்தவள்தான், ஆனால் பள்ளிக்கூடம், டியூசன் என்று திரிந்தவள், தோட்டத்துக்குள் கால் வைக்காதவள். பதினேழு வயதில் கலியாணம் கட்டிப் போய் அந்தத் தோட்டத்தில் குனிந்தவள் நான். புகையிலையில் நுனியை முறித்தபின் இலைக் கக்கங்களில் பக்கக் குருத்து வெடிக்கும். அதைக் கண்டவுடன் நகத்தால் கிள்ளி எறியவேண்டும். விட்டால் சாரம் முழுவதும் குருத்துக்குப் போய்விடும், இலை தடிக்காது. ஒரு குருத்து தப்பினாலும் மாமியார் பேசுவார்.

ஆடி மாதக் கடைசியில் மச்சாள் ஒரு கலியாணத்துக்கு எட்டு நாள் ரொறொன்ரோ போனாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "தண்ணி மட்டும் விடுங்கோ. வேறை ஒண்டுக்கும் கை வையாதேங்கோ."

"ஓம், ஓம். போட்டு வா."

நான்காம் நாள் தண்ணீர் விடப் போனேன். நான்கு செடியிலும் பக்கக் குருத்துகள் காடாக எழுந்து நின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு சாரமும் வீணாகப் போகிறதே, படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்று. கஞ்சா என்றால் எனக்கு இலை. கடைப்பலகையிலும், பெடியங்களின் சட்டையிலும் இலையைத்தானே கீறுகிறார்கள்? அவளுக்கு வேண்டியது பூ என்றும், அந்தப் பூ குருத்து நுனிகளில்தான் வரும் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சேலைக் கட்டுகளை அவிழ்த்தேன். தண்டுகளை நிமிர்த்தினேன். கிள்ளத் தொடங்கினேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! எத்தனை வருடமாக ஒன்றும் கிள்ளாத நகம், குருத்தின் அடியைத் தானாகத் தேடிப் போனது. டக், டக் என்று சத்தம். பாட்டுக்கூட வந்தது. வந்து பார்த்துவிட்டு அவள், "மச்சாள், உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்வதைக் காதால் கேட்டுக்கொண்டே கிள்ளினேன். கடைசிச் செடியில் நிற்கும்போது இத்தாலிக்காரர் வெளியே வந்தார். "நொன், மடாம்! நொன், நொன்!" என்று இரண்டு கையையும் வேலிக்கு மேலால் நீட்டிக் கத்தினார். உமக்குத் தக்காளி தெரியும், எனக்கு இது தெரியும் என்று தமிழில் சொல்லிவிட்டு, மீதியையும் முடித்தேன். குருத்துகளைக் குழி தோண்டித் தாட்டேன், உரமாகட்டும் என்று.

மச்சாள் வந்த அன்று கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நேரே பின்வளவுக்குப் போனாள். நான் பின்னால் சிரித்துக்கொண்டு போனேன். நான்கு தடி நின்றது, பெரிய பெரிய இலைகளோடு. அவள் ஒரு தண்டைப் பிடித்து, கிள்ளிய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். மரத்த விரலுக்கு என்ன தெரிந்ததோ. திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் முதல்முதல் நோயைச் சொன்ன நாளில் இருந்த அதே முகம்.

"ஆர் மச்சாள் செய்தது? பூ வாற இடம் முழுக்கப் போட்டுதே. மாரிக் குளிருக்குள்ளை மருந்துக்கு நான் என்ன செய்யிறது?"

பூ. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வாய் திறந்தது.

"அந்த மிஸ்யூதான் வேலியாலை கை போட்டுக் கிள்ளிக்கொண்டு நிண்டவர். நான் கத்தினனான். எனக்கு அவற்றை பாசை தெரியுமே?"

இவ்வளவு நேர்த்தியாக அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கையையும் அவருடையதாக்கினேன், கத்தலையும் என்னுடையதாக்கினேன். மச்சாள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அண்ணன் பெண்சாதி பொய் சொல்வாள் என்று அவளுக்கு நினைக்க வராது.

அதன் பிறகுதான் தக்காளிப் பை. புரட்டாதியில் அவர் வேலியருகே வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். இவள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். செடிகள் திரும்பவும் கொஞ்சம் துளிர்த்துப் பூத்தன. ஆனால் அதற்குள் குளிர் வந்துவிட்டது. நான்கு செடியின் பூவையும் காய்ச்சி வடித்தும் ஒரு சின்னப் போத்தல் மருந்தெண்ணெய்தான் தேறியது, அது மார்கழியோடு முடிந்தது. அரசாங்கக் கடையில் வாங்கியது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தலையைச் சுற்றிச் சத்தி எடுத்தாள். பனி கொட்டியது. எங்கள் படிகளில் பனி அள்ளியவர் யார் தெரியுமா? அவர்தான். ஒவ்வொரு வருடமும் அள்ளுகிறவர், அந்த வருடமும் ஒரு நாள் தவறாமல் அள்ளினார். மண்வெட்டிச் சத்தம் கேட்டால் மச்சாள் தொலைக்காட்சியைக் கூட்டி வைப்பாள். நான் குளியலறைக்குள் போய் நிற்பேன்.

தை மாதம் ஒரு மத்தியானம் அவள் காலை என் மடியில் வைத்து நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வெளியே மண்வெட்டி இழுபட்டது.

"முழங்காலுக்கு ஒரு பிடி தா எண்டு பகிடிக்குக் கேக்கிறார் எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றாள். "பத்து வரியம் பழகின மனிசன். கள்ளன் எண்டு நினைக்க, கால் நோவிலும் பாக்க அதுதான் மச்சாள் நோகுது."

காலைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன். அவர் அல்ல, நான். புகையிலை என்று நினைத்துக் கிள்ளினேன், அவர் தடுத்தார், நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். அந்த வலியிலும் இழுத்தாள். 

"கிள்ளினது பரவாயில்லை," என்றாள் கடைசியில். "அறியாமல் செய்தது. மற்றதை என்ன செய்யிறது? எழும்புங்கோ. என்ர சப்பாத்தை எடுங்கோ."

"இந்தக் காலோடையோ? பேந்து போவம்."

"பேந்து இல்லை. இப்ப. நீங்கள் தமிழிலை சொல்லுங்கோ, நான் மாத்திச் சொல்லுறன். ஒரு சொல்லும் குறைக்கமாட்டன்."

அவர் வழித்துவிட்ட படியால் இறங்கி, அவருடைய படியால் ஏறினோம். தன் குசினி மேசையில் எங்களை இருத்தினார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் பிரெஞ்சில் வைத்தாள். என் பொய் இன்னொரு பாசையில் போவதைக் கேட்டுக்கொண்டு இருப்பதைப்போல ஒரு தண்டனை இல்லை. சொல் விளங்காது, ஆனால் எந்த இடத்தில் வந்துவிட்டாள் என்று அவர் முகத்தில் தெரியும். முடிந்தபின் அவர் மெல்லச் சொன்னார். மச்சாள் என்னைப் பார்க்காமல் மாற்றினாள்.

"தடுக்காமல் விட்டதுக்குத்தான் நான் கோவம் எண்டு நினைச்சாராம். வேலியைத் தாண்டிக் குதிச்சிருக்க வேணும், கிழவன், குதிக்கேலாமல் போச்சு எண்டு ஆறு மாதமாய்க் கவலைப்பட்டவராம்."

பிறகு அவர் என்னை நேரே பார்த்து ஒன்று கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

"அணில் எண்டு சொல்லியிருக்கலாமே, ஏன் என்னைச் சொன்னனீங்கள் எண்டு கேக்கிறார்."

எனக்குப் பதில் தெரியும். தேநீர்த் தட்டோடு கம்பம்போல நின்ற நாட்கள்தான் பதில்.  தலையைக் குனிந்தேன். மச்சாளுக்கு மாற்ற ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கோடையிலும் நான்கு செடி நிற்கிறது. நான் விரிப்புப் போட்டு மறைப்பதில்லை. கோயில் ஆட்கள் கேட்டால் கஞ்சா என்றே சொல்கிறேன். அவரும் மச்சாளும் பழையபடி வேலியருகே கதைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், தக்காளிப் பையும் வருகிறது. ஆனால் செடி கட்டுகிற நாளில் அவர் வேலிக்கு மேலால் கை போடுவதில்லை. மச்சாள் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். "நொன், நொன்" என்று சிரித்துத் தலையை ஆட்டினார். அதனால் கிளையை வளைத்துக் கட்டுகிறவள் இப்போது நான். ஒரு காலத்தில் எவ்வளவு ஆசைப்பட்ட வேலை. எந்தக் கிளை, எவ்வளவு வளைக்கவேண்டும் என்று அவர் முகவாயை நீட்டிக் காட்டுவார். "டூஸ்மான், மடாம்" என்பார், மெதுவாக என்று அர்த்தமாம். நான் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அவருடைய இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடியே இருக்கும்.