காற்றைக் கூப்பிட்டவர்

கவரைப்பேட்டையில் சாலையோரமாகப் பட்டறை வைத்திருந்தார் அவர். கட்டையான உருவம், ஒற்றைக் காதில் கடுக்கன், முழங்கை வரை கிரீஸ். மனைவியின் காரியம் முடிந்து நான் முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய அன்று, காரின் முன்பக்க பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. அவர் இரண்டு பக்கமும் சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மாற்றினார்.

“லைன்ல காத்து பூந்துக்கினு இருக்கும் சார். ஏறி உக்காந்து பிரேக்க அமுக்கு. நான் சொல்றவரைக்கும் கால எடுக்காத.”

மிதித்தேன். அவர் சக்கரத்தருகே குந்தி, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்தார். பெடல் தானாகக் கீழே இறங்கியது.

“வா கண்ணு, வா” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் காலை எடுத்துவிட்டு, இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“இன்னா சார், எறங்கி வந்துட்ட? உன்னக் கூப்புடல. காத்தக் கூப்ட்டேன்.”

நான் காலை எடுத்ததில், வெளியே வந்த காற்று மறுபடியும் உள்ளே போய்விட்டிருந்தது. அவர் திட்டவில்லை. முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது.

“போய்ட்ச்சு சார், கால எடு” என்று அவர் சொன்ன பிறகும் நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

சாவு வீட்டில் வருகிறவரை யாரும் ‘வா’ என்பதில்லை. போகிறவரும் ‘வருகிறேன்’ என்பதில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் ‘வா’, காற்றுக்குச் சொன்னது.