குழித்தட்டில் நான் போட்ட விதை

எனக்கு எழுபத்திரெண்டு வயசு. பெத்தது நாலு, தங்கச்சி விட்டுட்டுப் போனது ரெண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து எனக்கு மெதுவாத்தான் வரும். ஆனா இதை என் கையாலதான் எழுதணும்.

பேரணாம்பட்டு ரோட்டோரம் இருக்கிற எங்க நிலத்துல சின்ன மருமக பசுமைக்குடில் போட்டிருக்கா. ஷூ கம்பெனி வேலையை விட்டுட்டு வந்து தக்காளி வைக்கிறா. போன வருஷம் எல்லாப் பழமும் ஒரே அளவு, ஒரே சிவப்பு, தோல் கெட்டி. ஆம்பூர் பிரியாணிக் கடை பாய் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கிட்டார்.

இந்த வருஷமும் அவ விதைப் பாக்கெட் வாங்கினா. எனக்கு மனசு ஒப்பல. நாட்டுத் தக்காளியில நாப்பது வருஷம் விதை எடுத்தவ நான். நல்ல பழமாப் பிழிஞ்சு, ரெண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவி, சாம்பல்ல பொரட்டிக் காய வெச்சா, மறுவருஷமும் அதே பழம்தான். அவ குடில் பழத்துலயும் அப்படி எடுத்து வெச்சிருந்தேன். நாத்து விடச் சொல்லிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போனப்போ, பாதிக் குழித்தட்டுல பாக்கெட் விதை, பாதியில என் விதை போட்டேன். காய்ச்ச பிறகு சொல்லிப் பெருமை அடிச்சுக்கலாம்னு இருந்தேன்.

காய்ச்சது. ஒரு செடியில கொத்துக் கொத்தா கோலிக்குண்டு. பக்கத்துச் செடியில ரெண்டே பழம், உள்ளங்கை அகலம், உள்ளே வெறும் கூடு. ஒண்ணு இனிப்பு, ஒண்ணு சப்புன்னு. பாய் கூடையைப் பார்த்துச் சிரிச்சார்.

"இன்னாம்மா, பேரன் பேத்தின்னு குடும்பத்தையே அனுப்பியிருக்கே? இப்டியே வந்தா நான் வேற இடம் பார்த்துக்குவேன்."

என் மகன் அவளைப் பிடிச்சுக்கிட்டான். "உரத்தை ஜாஸ்தியா உட்டுட்டே. சொன்னா கேட்டாத்தானே?"

அவ நாலு நாள் சொட்டுநீர்க் குழாயை ஒவ்வொண்ணா கழட்டிக் கழுவினா. நானும் வாயைத் திறக்கல.

அஞ்சாம் நாள் கேட்டா: "அத்தே, தண்ணியும் உரமும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். இந்த நாலு வரிசை மட்டும் ஏன் இப்டி?"

"அது என் விதை"ன்னேன்.

அவ ஒரு கோலிக்குண்டுப் பழத்தைப் பறிச்சுக் காட்டினா. "பாக்கெட் விதை ரெண்டு ஜாதிக்குப் பொறந்தது அத்தே. ஒண்ணு நெறைய காய்க்கும், இன்னொண்ணு பெருசா, கெட்டியா காய்க்கும். முதல் தலைமுறையில ரெண்டு குணமும் சேர்ந்து நிக்கும். அதோட விதையில பிரிஞ்சு போய்டும். நல்ல பழமாத்தான் எடுத்தீங்க. ஆனா உள்ள இருக்கிற தாத்தன் பாட்டி வெளியில தெரியாது."

"ரெண்டு மூணு செடி நல்லாத்தானே இருக்குது?"

"அதோட விதையும் பிரியும். பல தலைமுறை பொறுக்கி எடுத்தாத்தான் நிலைக்கும். அதுவரைக்கும் பாய் பிரியாணி போடாம இருப்பாரா?"

எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

அது என் விதைதான்னு மகன்கிட்ட சொன்னேன். "அவளைக் காப்பாத்தப் பார்க்காதேம்மா"ன்னு போய்ட்டான். "விடுங்க அத்தே, பேஜார்"னு அவ சொல்றா. நாலு நாள் அவ வாங்கின திட்டு என்னுது. அதை எப்படி விடுறது?

எழுதியாச்சு. பேத்திக் கண்ணு, இங்க வா. ராத்திரி உங்கப்பா சாப்பிட உக்காந்ததும் இதைச் சத்தமாப் படிக்கணும். இப்போ ஒரு தரம் எனக்குப் படிச்சுக் காட்டு. தப்பு என்னுதுன்னு தெளிவா இருக்குதா, பாரு.