வெண்ணாற்றில் நான் பிடித்த மீன்

காலை ஏழு மணிக்குக் கோயம்புத்தூரை விட்டோம். வேன் என் சகலை அருள்ராஜுடையது. கூடாரம், மடக்கு நாற்காலி, சக்கரம் வைத்த தூண்டில், எல்லாம் அவர் துபாயிலிருந்து கொண்டுவந்தவை. எங்கள் பங்காக வண்டியில் இருந்தது நான், என் மனைவி ரீட்டா, ஒரு பிளாஸ்க்.

ரீட்டாவின் தங்கை ஸ்டெல்லாவைக் கட்டியவர் அவர். சொந்த ஊர் நன்னிலம். பொறாமையா என்றால், ஆமாம், வயிறெரிந்தது. நானும்தான் பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு முத்திரைகூட விழாமல் அது காலாவதியாகிவிட்டது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணிக்கு அங்கே ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். வாழைப்பூ உசிலியும் வத்தக்குழம்பும் அப்படியொரு ருசி. அருள்ராஜ், “அண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றதும் பரிமாறியவர் அவருக்கு மட்டும் கேட்காமலே இரண்டு அப்பளம் வைத்தார். எனக்கு வைக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு திருவையாறு போய்ச் சுடச்சுட அசோகா அல்வா வாங்கித் தின்றோம். திரும்பும் வழியில் வெண்ணாற்றங்கரையில், அவருடைய நண்பரின் தென்னந்தோப்பில் கூடாரம் அடித்தோம்.

தை மாதம். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர், எதிர்க்கரையில் அறுப்புக்கு நின்ற நெல். நாலரை மணிக்குள் அவர் மூன்று கெண்டையும் ஒரு விராலும் பிடித்துவிட்டார். எனக்கு ஒரு பாசிகூடச் சிக்கவில்லை.

“தம்பியைப் பாருங்க! நீங்களும் வந்ததுல இருந்து உக்காந்திருக்கீங்க” என்றாள் ரீட்டா.

அவள் வாயிலிருந்து ஒரே ஒரு ‘பரவாயில்லையே’ வாங்கிவிட வேண்டும். அந்தச் சாயங்காலம் எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

உப்பு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போனேன். அங்கே ஓர் அம்மா மொபெட்டில் கூடை கட்டி மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

“இது என்ன மீனும்மா?”

“பாறை சார். நல்லா சதை இருக்கும், எடுத்துக்குங்க.”

எனக்கு மீன் என்றால் மீன். ஒன்றரைக் கிலோவில் ஒன்றை வாங்கி, தோப்பின் பின்பக்கமாகப் போய், ஐஸின் சில்லிப்பு போகும்வரை தண்ணீரில் முக்கி வைத்தேன். பிறகு தூண்டிலில் மாட்டி, “ஐயோ, இழுக்குது!” என்று கத்தினேன்.

அக்காவும் தங்கையும் ஓடி வந்தார்கள்.

“அட! பரவாயில்லையே!” என்றாள் ரீட்டா. உச்சி குளிர்ந்துவிட்டது.

அருள்ராஜ் மீனைக் கையில் வாங்கிச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். “நல்ல மீன் சகலை. இதெல்லாம் தூண்டில் நரம்பையே அத்துக்கிட்டுப் போயிடும். எப்படிப் பிடிச்சீங்க?” என்றார். அவரே ஆய்ந்து, அவரே குழம்பு வைத்தார். தலைத்துண்டை என் தட்டில் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூடாரத்தைச் சுருட்டினோம். பெண்கள் வேனில் ஏறிவிட்டார்கள். அவர் கயிற்றை அவிழ்த்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

“சகலை, எங்க ஆத்துல மணல்தான் கெடக்கும். பாறை கடல்லதான்.”

எனக்குக் காது மடல் சுட்டது. “அப்ப நேத்தே...?”

“பாத்ததுமே தெரிஞ்சுது. விடுங்க, குழம்பு நல்லாத்தானே இருந்துச்சு.”

கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் செய்யவில்லை. நொய்யலில் மீனுக்குப் பதில் சாயம் ஓடுகிற எங்கள் ஊர்ப்பக்கம் வண்டி திரும்பியது. கரூர் தாண்டியும் ரீட்டா விடவில்லை.

“எவ்வளவு பெரிய மீன்! இல்ல தம்பி?”

“ஆமாங்கக்கா. சகலைக்குக் கைராசி” என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேன், கூடாரம், துபாய் எதுவும் அப்போது உறைக்கவில்லை. அந்த மீனை அவர் பிடித்து, நான் செவுளைத் தூக்கிப் பார்த்திருந்தால், கரையிலேயே இரண்டு பெண்கள் முன்னால் அவர் மானத்தை வாங்கியிருப்பேன்.