உம்மாவின் இரண்டு நாள் குழந்தை

அப்போது குளச்சலில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, நாலு சொட்டு ரத்தத்தைத் தடித்த தாள் அட்டையில் ஒற்றிக் காயவைப்போம். வெளியூரிலுள்ள பெரிய ஆய்வகத்தில் அதிலிருந்து ஒரு பொட்டு அளவு வெட்டியெடுத்துச் சோதிப்பார்கள். எல்லா அட்டையும் ஒரே மாதிரி ரத்தத்தை உறிஞ்ச வேண்டும். தாளுக்கு வேறு வேலையில்லை.

ஒருமுறை வேறு கம்பெனி அட்டை வந்தது. பழையதில் கச்சிதமாக நிற்கும் சொட்டு, இதில் வேட்டியில் சிந்திய மீன்குழம்பு போலப் பரவியது.

"ஒரே ரத்தத்த ரெண்டுலயும் விட்டு அனுப்பிப் பாரு" என்றார் எங்கள் கூடத்து டாக்டர்.

என் விரலையே குத்திக்கொண்டேன். ஆனால் ஆய்வகத்தின் கணினி பெரியவர்களை ஏற்கவில்லை. தாயின் பெயரும் செல்போன் எண்ணும் கேட்டது, உம்மாவுடையதைக் கொடுத்தேன். வயது இரண்டு நாள் என்று போட்டதும்தான் வழிவிட்டது.

அடுத்த வாரம் உம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். முகமெல்லாம் வியர்வை. செல்போனை என்னிடம் நீட்டினார். 'தங்கள் பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் ஒரு நொதி குறைவு. உடனே குழந்தையுடன் வரவும்.'

"பக்கத்து வீட்டுக்காரிதான் வாசிச்சுச் சொன்னா. இந்த வயசுல எனக்கு ஏதுட்டி பிள்ள? தெரு முழுக்க தெரிஞ்சு போச்சு!"

வரவேற்பில் இருந்த பெண் வேலைக்குப் புதியவள். கணினியைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய எங்க?" என்று கேட்டாள்.

"அந்தா நிக்கா" என்று உம்மா என்னைக் காட்டினார்.

நான் விளக்கினேன். ரத்தம் ஒன்றுதான். புதிய தாளில் அகலப் பரவியதால், வெட்டியெடுத்த பொட்டில் ரத்தம் குறைந்துவிட்டது. அதனால் நொதியும் குறைவாகத் தெரிந்தது. பழைய அட்டையில் எனக்கு ஒரு குறையுமில்லை.

உம்மா நம்பவில்லை. "ஒரு தாளு சொகமின்னு சொல்லுது, ஒரு தாளு இல்லேங்குது. எதையாக்கும் நம்ப?"

நிஜமாகவே இரண்டு நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி இதைப் படித்திருந்தால்? அந்தப் புது அட்டைப் பெட்டியை அன்றே திருப்பி அனுப்பினோம்.

ஆனால் மறுபரிசோதனை இல்லாமல் கணினி விடுவதாயில்லை. குழந்தையைக் கூட்டிவரச் சொல்லி உம்மாவுக்குத் தினமும் செய்தி போயிற்று. கடைசியில் அவரே என்னைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பழைய அட்டையில் ஒற்ற டாக்டர் என் விரலில் குத்தினார்.

"மெல்ல குத்துங்க டாக்டரே" என்றார் உம்மா, "பச்சப் பிள்ளையாக்கும்."