முதுகு மட்டும்தான் என்று சொன்னேன்

இடது காலில் செருப்பு இல்லை என்பதை முதலில் கவனித்தவர் என் கணவர் அந்தோணி. ஈப்போவில் எங்கள் புந்தோங் சந்தையில் மீன்கடையிலிருந்து மோட்டார்சைக்கிள் வரை ஒரு கால் வெறுங்காலாகவே நடந்து வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

"என்ன மேரி, ஒத்தச் செருப்புதான் இப்ப ஃபேஷனா?" என்று சிரித்தபடி போய் எடுத்து வந்தார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே கீழ்முதுகில் வலி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. முள்ளெலும்பு வட்டுத் தேய்மானம் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு உலர்ந்து தட்டையாவது). இந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. அதே ஊரில் ஒரு மருத்துவமனையில் குறியீடு இடுவது (நோயின் பெயரை எழுத்தும் எண்ணுமாகப் பதிவது) என் வேலை. வட்டுக் கோளாறுகள் எம்51 என்று தொடங்கும். அடுத்து வரும் எண், நரம்பும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மருத்துவர் அதை எழுதாமல் விட்டால் கோப்பைத் திருப்பி அனுப்புவேன்: "வலி முதுகில் மட்டுமா, காலிலுமா? தெளிவுபடுத்தவும்."

நரம்பு சேர்ந்த கோப்புகளில் அறுவை சிகிச்சைக் குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தி என்றால் எனக்குப் பயம். அதனால் எங்கள் மருத்துவமனையிலேயே என்னைப் பரிசோதித்த டாக்டர் வாணி கேட்டபோது, "முதுகு மட்டும்தான்" என்றேன்.

"கால்ல ஒண்ணும் இல்லையாக்கா?"

"இல்ல டாக்டர்."

"செருப்பு கழண்டதே தெரியாம நடந்து வந்தா டாக்டர்," என்றார் கூட வந்திருந்த அந்தோணி. "நான் பாக்கலேன்னா வீடு வரைக்கும் அப்படியேதான்லா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் கால எழுதலேன்னா ஃபைல திருப்பி அனுப்புறது யாரு?"

"நான்தான்."

"இப்ப நான் உங்கள திருப்பி அனுப்புறேன். வெளிய போயிட்டு வந்து முழுசா சொல்லுங்க."

உண்மையிலேயே எழுந்து வெளியே போனேன். கதவைத் தட்டி, உள்ளே வந்து, மரத்துப்போன சுண்டுவிரல் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். நரம்புவேர் அழுத்தம் (பிதுங்கிய வட்டு, காலுக்குப் போகும் நரம்பின் தொடக்கத்தில் படுவது) என்று எழுதினார். "பலம் நல்லா இருக்கு. ஆபரேஷன் இப்ப வேணாம், பிசியோ பாப்போம். கால் பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறதுல மாத்தம் தெரிஞ்சாலோ அன்னிக்கே ஓடி வரணும்." நான் மறைத்ததை வைத்துத்தான் அவர் இதையெல்லாம் முடிவு செய்தார். உங்களுக்கும் முதுகு வலி இருந்தால், தயவுசெய்து காலையும் சொல்லுங்கள்.

வீட்டில் பாய் விரித்து உடற்பயிற்சி. எண்ணுவது அந்தோணியின் பொறுப்பு. பேச்சுச் சுவாரசியத்தில் ஏழிலிருந்து மறுபடி நாலுக்குப் போவார். முதுகு வலி மெல்லக் குறைந்தது. இடது பாதத்தின் மரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

தேய்ந்த வட்டு மீண்டும் பழையபடி ஆகாது. அது வயதின் வேலை. அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். குனிவதற்கு முன் இப்போதெல்லாம் உடம்பைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நாள் நடுப்பகலில், காய்ந்த துணியை எடுக்க முன்வாசல் சிமெண்டில் வெறுங்காலோடு இறங்கினேன். பாதி வழியில் கத்திவிட்டேன்.

"என்னாச்சு?" அந்தோணி ஓடி வந்தார்.

"சுடுதுங்க!"

"வெயில்ல சுடாம? நிழலுக்கு வா."

"இடது காலு சுடுதுங்க!"

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் வலது காலைத் தூக்கிக்கொண்டு, இடது காலில் மட்டும் இன்னும் கொஞ்சம் நின்றேன்.