கொழுந்து மடுவத்தில் 64 பிட்

தேயிலைத் தோட்டங்களின் டிஜிட்டல் தராசுகளுக்கு சாஃப்ட்வேர் பேக்கேஜ் கட்டுவது என் வேலை. எந்தத் தராசில் என்ன புரோசஸர் என்று கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட் என் சொந்தச் சரக்கு. பதுளை அலுவலகத்தில் அதைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

புதிய அப்டேட் அனுப்பிய அன்று ஹல்துமுல்லையில் இருந்தேன். கொஸ்லந்தைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை போன் செய்தார்.

"சேர், தராசு செத்துப் போச்சு. பொம்பளைங்க கொழுந்தோட நிக்கிறாங்க."

"கரண்ட் பிரச்சினைங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

ஆதாரம் எதுவுமில்லை. ஆனால் பெரிய டாக்டர் மாதிரிச் சொன்னேன். அவர் மறுபடியும் போன் செய்ததும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், பழைய கைத்தராசு தொங்கியது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. வரிசையில் முதலில் நின்ற செல்வமேரி அக்கா தன் கொழுந்துச் சாக்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இதுல நிறுத்தா தண்ணிக்கு, சாக்குக்குன்னு கண் மதிப்புல கழிப்பாங்க தம்பி. கொஞ்சம் கொறைஞ்சாலும் எனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான். நாள் முழுக்க மலை ஏறினது யாரு, இவரா?"

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். கணக்கப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தார்.

லேப்டாப்பை இணைத்தேன். நான் அனுப்பிய புரோகிராம் 64 பிட். தராசின் போர்டோ பழைய 32 பிட்; அதில் இது ஓடவே ஓடாது. ஸ்கிரிப்டைத் திறந்தால், ஐயோ சாமி! தெரிந்த புரோசஸர்களை வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் 'வேறு எது வந்தாலும் 64 பிட்' என்று போட்டிருக்கிறேன். தெரியாது என்று சொல்ல என்னைப் போலவே அதற்கும் வெட்கம்.

அந்த வரியைத் தூக்கினேன். இனித் தெரியாத புரோசஸர் வந்தால் பேக்கேஜ் கட்டும் பில்ட் அங்கேயே நிற்கும், காரணத்தையும் சொல்லும். பழைய போர்டையும் பட்டியலில் சேர்த்து, மறுபடி பில்ட் செய்து, பென் டிரைவில் ஏற்றினேன். தராசின் திரையில் பூச்சியம் வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்வமேரி அக்கா சாக்கை வைத்தார். முழுப்பேருக்குப் போதும், ஒரு கிலோ கூடவே இருந்தது.

"அப்பாடா! நாளைக்கும் வேலை செய்யுமா தம்பி?"

'கட்டாயம்' என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"தெரியலக்கா. நாளைக்கு நானே வந்து நிக்கிறேன்."

"வாங்க வாங்க. மறுபடி செத்துச்சுன்னா எங்க சாக்கெல்லாம் ஒங்க தலையிலதான்."

மறுநாள் மடுவத்துக்கு முதலில் போய் நின்றவன் நான்தான்.