பாசல் துறைமுகத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து

அந்த ஞாயிறு முற்பகல் சுவிஸின் பாசல் ஆற்றுத் துறைமுக மண்டபத்தில் இருந்தவர்கள்: கண்காட்சி நடத்திய சங்கத்தின் தலைவி கெல்லர், விருந்தாளிகள் நாற்பத்திரண்டு பேர், சாக்ஸபோன் வாசிக்க வந்த கறுப்பினக் கலைஞர் சாமுவேல், சமையலறையில் யோகன் அண்ணையும் நானும். தட்டுகளை எண்ணி வைத்தவன் நான் என்பதால் இதில் பிழை இராது.

போன நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஊருக்கு ஜாஸ் கொண்டுவந்த கறுப்பின இசைக்காரர்களைப் பற்றிய கண்காட்சி. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். என்றாலும் சுவரில் தொங்கிய பழைய அரசாங்கக் கடிதங்களை முழுக்க வாசிக்க முடிந்தது. அனுமதி, நீடிப்பு, மறுப்பு, இத்தனை நாளுக்குள் வெளியேறு. நான் ஜெர்மன் படித்ததே இந்தச் சொற்களில்தான். அகதி விண்ணப்பத்தோடு லாங்கன்தாலில் இருந்த காலத்தில் அப்படியொரு கடித உறை வந்தால் உடனே பிரிக்க மாட்டேன். ட்ரம்பெட்காரர் ஒருவருக்குப் பதினான்கு நாள் கொடுத்திருந்தார்கள். உள்ளூர் வாத்தியக்காரரின் பிழைப்புக் கெடுகிறதென்று முறைப்பாடு வேறு. அவர்கள் வாசிக்க வாசிக்க ஆடிய சனம், சாப்பாட்டை மட்டும் சமையலறையில் கொடுத்ததாம்.

அந்தக் காலத்தை நினைத்து வெட்கப்படுகிறோம் என்று கெல்லர் பேசினார். சாமுவேல் முக்கால் மணிநேரம் வாசித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், கலைஞருக்குச் சாப்பாடு பின்னால் என்று கெல்லரே அவரைச் சமையலறைக்குக் கூட்டிவந்து விட்டார். எனக்குக் குமட்டியது.

"வெக்கம் முன்னுக்கு, சாப்பாடு பின்னுக்கு," என்றார் யோகன் அண்ணை, ஸ்டூலைத் துடைத்துப் போட்டபடி.

"ஒருக்காச் சொல்லிப் பாப்பமோ அண்ணை?"

"உனக்கேனடா? சுவிஸ் பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாய். பேசாமல் கோப்பையைக் கழுவு."

இதை வாசிக்கிற ஊரவருக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டுக் கலியாணத்திலும் மேளகாரருக்குப் பின்வளவில்தான் இலை போட்டோம். அன்று எனக்குக் குமட்டவில்லை.

சாப்பாடு முடியக் கெல்லர் வந்து கொடுத்த சம்பள உறையைச் சாமுவேல் பிரித்தார். பேசியது நானூறு பிராங்க். உள்ளே இருந்தது நூற்றைம்பது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் கழித்தாயிற்று என்றார் கெல்லர்.

"அதை நீங்கள் முதலே சொல்லவில்லை," என்றார் சாமுவேல். பற்றுச்சீட்டோடு கெல்லர் நீட்டிய பேனாவை அவர் தொடவில்லை.

கெல்லர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பினார். "நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்தானே. சாட்சிக்கு, இங்கே."

போட்டேன். காட்டிய கோட்டில் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்தே இருபது வருடம் இந்த நாட்டில் தப்பிய கை. போட்ட பிறகுதான் வாசித்தேன்: நானூறும் கொடுபட்டது என்றிருந்தது. கெல்லர் நன்றி சொல்லித் தாளோடு போய்விட்டார். அவர்மேல் வந்த அருவருப்பு அரைவாசி. மீதி என்மேல்.

"நீங்கள் யார் பக்கம்?" என்று என்னைக் கேட்டார் சாமுவேல்.

"சி பெர்மிட்," என்றேன். எந்தக் கேள்விக்கும் பயந்தால் என் வாயில் வருகிற பதில் என் நிரந்தர வதிவிட அனுமதியின் பெயர்தான்.

அவர் வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். ஏப்ரனோடு பின்வாசல்வரை போனேன். தெருவில் இறங்கவும் இல்லை, திரும்பி உள்ளே போய்க் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை சங்கத்துக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். கீழே என் பெயரை எழுதப் பயந்து அப்படியே வைத்திருக்கிறேன். அதில் இதுவரை ஒரு வரிதான் இருக்கிறது: சாமுவேலுக்கு இன்னும் கொடுக்கவேண்டியது இருநூற்றைம்பது பிராங்க்.